பின்கண்ணாடியில் தாரணி

கண்ணாடிக்குள் பார்த்தால் நேராக இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் இடம் வலம் மாறிக் கிடக்கிறது, தாரணி என்று சிவப்பு ரேடியம் எழுத்து, வண்டியின் பின்கண்ணாடியில் யாரோ எப்போதோ ஒட்டியது, மார்கழி வெயில் முதுகுப்பக்கமாக வந்து அதன்மேல் விழ, எழுத்தின் நிழல் காலியான பின்சீட்டில் இறங்கி, வளைவில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நகர்ந்து, உட்காரப் பிடிக்காத பெண்பிள்ளை மாதிரி நெளிகிறது, ருக்குமணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைக்கு மேலிருக்கும் சின்னக் கண்ணாடியில் அதையே பார்க்கிறாள், பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரி, சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புள்ளைய எங்க எறக்கி விட்ட ருக்கு என்று கேட்கிறார், தாராபுரம் தாண்டியதிலிருந்து எத்தனையாவது தடவையோ, அவள் கியரை மாற்றுகிறாள், இரண்டாவது கியர் நேராக விழாது, மூன்றாவதை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தால்தான் இந்த மகாராணி மனசு வைப்பாள், வாங்கின நாளிலிருந்தே அப்படித்தான்.

வாங்கின நாள், பெருந்துறைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடி, வண்டிமேல் பழுத்த இலை உதிர்ந்து கிடக்கிறது, டாக்டர் ஓட்டுன வண்டிங்க, ஒரே கை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் போயிருக்குது என்கிறான் புரோக்கர், பழைய வண்டி விற்கிற இடத்திலெல்லாம் அத்தனை வண்டியும் டாக்டர் ஓட்டியதுதான், இந்த நாட்டில் வேறு யாரும் வண்டியே வாங்கியதில்லை போல, மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய களைப்பில் நின்றே போயிருந்தது, முன்னால் மூன்று சாமி படம், சீட்டுக்கடியில் யாரோ மலைக்குப் போட்டுப்போன மாலையின் மணி, வாடகைக்கு ஓடிய வண்டி என்று வேப்பமரத்துக்கே தெரியும், வெள்ளிங்கிரி சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவு கதவாக வைத்துப் பார்த்தார், அடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் பிடிக்காது, பாதி இடங்களில் காந்தம் கீழே விழுந்தது, குனிந்து பொறுக்குவதும் வைப்பதுமாக வண்டியைச் சுற்றி வந்தவர் பின்கண்ணாடிக்கு வந்ததும் நின்றுவிட்டார். அது பழைய ஓனர் பொண்ணு பேருங்க, மண்ணெண்ணெயும் பிளேடும் இருந்தா அரை மணி நேர வேலை, இப்பவே சொரண்டித் தந்தர்றேன் என்றான் புரோக்கர், டாக்டர் பொண்ணுங்களா என்று ருக்குமணி கேட்டாள், புரோக்கருக்குத் திடீரென்று இருமல் வந்தது, லாரியோ ஆட்டோவோ டெம்போவோ, வண்டி வாங்கினால் பிள்ளை பேரை எழுதுவது அந்தப் பக்கத்து வழக்கம், எழுதப் பிள்ளை இல்லாதவர்கள் சாமி பேரை எழுதிக்கொள்வார்கள், இவர்களும் சிவன்மலை ஆண்டவர் துணை என்று எழுதுவதாகத்தான் பேசி வைத்திருந்தார்கள், பார்க்காத ஆஸ்பத்திரி இல்லை, சுற்றாத கோயில் இல்லை, போதும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே விட்டு நாளாயிருந்தது, வெள்ளிங்கிரி காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருக்கட்டும், நாங்களே பாத்துக்கறோம் என்றார்.

நாளைக்குச் சுரண்டலாம் என்றே நாட்கள் போயின, அவருக்குக் காலும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது, டிரைவிங் ஸ்கூல்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார், அதனால் ஓட்டுவது அவள், பேணுவது அவர் என்று ஆகிப்போனது, நோட்டுப்புத்தக ஏஜென்சி அவர்களுக்கு, டிக்கி நிறைய நோட்டுக்கட்டு ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு ஒருநாள் காங்கயம் வரை கடைகடையாகப் போட்டுவிட்டு வருவார்கள், போகும்போது ஊதியூரில் சிந்தாமணி டீக்கடை, முதல்முறை போய் நின்ற அன்றே, பாய்லருக்குப் பின்னாலிருந்து வண்டியை எட்டிப் பார்த்த சிந்தாமணி, தாரணியம்மா, உங்களுக்குச் சக்கரை கம்மியாவா போடட்டுங்க என்று கேட்டாள். ருக்குமணி திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் இல்லை. கம்மியாவே போடுங்க என்றாள். பாப்பா எத்தனாவது படிக்குதுங்க என்று அடுத்த கேள்வி வந்தது, ஆறாவது என்றார் வெள்ளிங்கிரி, டம்ளரிலிருந்து தலையைத் தூக்காமல். அடுத்த ஊர் தாண்டினதும் அவள்தான், ஆறாவதுன்னா அடுத்த வருசம் ஏழாவதுன்னு ஞாபகம் வெச்சுக்கோணுமுங்க என்றாள், அவர் சிரித்தார், எத்தனை வருசத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு என்று அவள் ரோட்டைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டாள்.

அப்படித்தான் அந்தப் பெண் வளர்ந்தாள், வண்டிக்குள்ளே மட்டும், பதினொன்றாவதில் என்ன குரூப் எடுப்பது என்று காங்கயத்திலிருந்து தாராபுரம் வரை சண்டை, கணக்கு வராத புள்ளைய எதுக்குங்க ஃபர்ஸ்ட் குரூப்ல தள்ளுறீங்க என்று அவள், கணக்கு வராதுன்னு உனக்கு யாரு சொன்னா என்று அவர், உங்க புள்ளைக்குக் கணக்கு எங்கிருந்துங்க வரும் என்றதும் அவர் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், கடைசியில் அவளைக் கோயமுத்தூர் ஹாஸ்டலில் சேர்த்தார்கள், ஏன் கூட வரவில்லை என்று சிந்தாமணி கேட்பாளே, புள்ளைக்கு என்று ஆறாவதிலிருந்தே சிந்தாமணி காகிதத்தில் பொட்டலம் கட்டித் தரும் முறுக்கை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வழியிலேயே நிறுத்தித் தின்று தீர்ப்பார்கள், வீட்டு வாசலில் வண்டி நின்று சாவியை எடுத்துவிட்டால் தாரணியும் நின்றுவிடுவாள், வீட்டுக்குள் அந்தப் பேரை எடுப்பதில்லை, யாரும் யாருக்கும் சொல்லாமல் ஏற்பட்ட கட்டு அது. காலையில் எழுந்ததும் வெள்ளிங்கிரி முதலில் வண்டிக்கடியில் விரித்திருக்கும் அட்டையை இழுத்துப் பார்ப்பார், எத்தனை சொட்டு ஆயில் விழுந்திருக்கிறது, நேற்றைவிடக் கூடவா கம்மியா, பிறகு சொம்புத் தண்ணீரோடு வந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே கண்ணை வைத்துப் பார்த்து, நிதானமாக ஊற்றுவார், நேத்து ஊத்துன தண்ணி எங்க போச்சுன்னே தெரியல, வெயிலுக்கு இவளுக்கும் தாகம் எடுக்குமில்ல என்பார், பேட்டரி முனையில் பூ மாதிரி பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவுவார், ரேடியேட்டருக்கு ஈயம் வைத்து அடைத்தது, சைலன்சரைக் கம்பி போட்டுக் கட்டியது, கிளட்ச் பிளேட் மாற்றியது, ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் சலீம், என்னங்க, உங்க பொண்ணு மறுபடியும் படுத்துருச்சா என்பான், வண்டியைத்தான் சொல்வான், வெள்ளிங்கிரி முகம் ஒரு கணம் மாறும், ருக்குமணிக்கு மட்டும் தெரியும்.

போன ஆடியில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், தலையில் அடி, காயம் ஆறிவிட்டது, ஞாபகம்தான் ஓட்டை விழுந்த ரேடியேட்டராக எந்த வழியில் போகிறது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது, ஏஜென்சி பேர் போனது, தெருப் பேர் போனது, அட்டையை இழுத்துப் பார்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் மட்டும் போகவில்லை, ஒருநாள் சாயங்காலம் அவராகவே மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு, புள்ள வரட்டும், சேந்து சாப்பிடலாம் என்றார், எந்தப் புள்ளைங்க என்று கேட்க அவள் வாய் திறந்தது, கேட்கவில்லை, அன்றிலிருந்து தினமும் மூன்று தட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார், சோறு ஆறிப்போகும், ஊட்டினாலும் இரண்டு வாய்க்குமேல் இறங்காது, சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது, அப்படியொரு பிள்ளை நமக்கு இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், அந்த ஒரு வார்த்தையில் அந்தப் பெண் செத்துப்போவாள், அவருக்கு மட்டுமா, சொல்லாமல் விட்டால் இவர் இப்படியே பட்டினி கிடந்து போய்ச் சேருவார், இதில் எதைச் செய்வது என்று யாரிடம் போய்க் கேட்பாள். சலீம் எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதுக்குமேல செலவு பண்ணாதீங்கம்மா, பழைய வண்டிய ஆசையா வெச்சுக்கறவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க என்றான், அவனே கோபியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தான், விவசாயி, வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தவர், தை பொறந்ததும் எடுத்துக்கறேனுங்க, அந்தப் பேர மட்டும் எடுத்துருங்க, எம் பேத்தி பேர எழுதோணும் என்றார். அவர் போனதும் ருக்குமணி பிளேடை எடுத்துக்கொண்டு பின்கண்ணாடியிடம் போனாள், ஒரு எழுத்தின் ஓரத்தைக்கூட இன்னும் தூக்கவில்லை, கேட்டருகிலிருந்து, புள்ள பேர எதுக்குச் சொரண்டற என்று குரல், அவர்தான், அவள் பிளேடைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள், வாங்க, காங்கயம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம் என்றாள், அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஊதியூர் வந்துவிட்டது, மலை அப்படியே நிற்கிறது, டீக்கடைக்கு மட்டும் புதுத் தகரம் வேய்ந்திருக்கிறது, வெள்ளிங்கிரி இறங்கவில்லை, சிந்தாமணியே இரண்டு டம்ளரோடு வண்டிக்கு வந்து, என்னுங்க தாரணியம்மா, மாசக்கணக்கா ஆளக் காணோம், அண்ணன் இப்பிடி எளைச்சுட்டாரு, தாரணி எப்பிடி இருக்குதுங்க என்கிறாள், வெள்ளிங்கிரி பெல்ட்டை விட்டுவிட்டு ருக்குமணியின் முகத்தைப் பார்க்கிறார், இத்தனை மாதமாகக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பதில் இப்போது வந்துவிடும் என்பது மாதிரி, அவள் கண்ணாடிக்குள் பார்க்கிறாள், எழுத்து நேராக, சிவப்பாக, அவளையே பார்க்கிறது. கட்டிக் குடுத்தாச்சுங்க அக்கா என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது, சிந்தாமணி டம்ளரை பானட்மேல் நங்கென்று வைத்தாள், எப்பங்க, கார்த்திகையிலங்க, எனக்கு ஒரு பத்திரிகை வெக்கோணும்னு தோணலீங்களே உங்களுக்கு, ஆறாவதுல இருந்து அந்தப் புள்ளைக்கு முறுக்குக் கட்டிக் குடுத்தவ நானு, டீக்கடைக்காரிதானன்னு நெனைச்சுட்டீங்களா, குரலில் நிஜமான கோபம், கலியாணத்தையே நினைத்துப் பார்க்காதவள் பத்திரிகையை எங்கே நினைத்தாள், அவருக்கு முடியலீங்க அக்கா, கோயில்ல வெச்சு நாலு பேரோட முடிச்சுட்டோம் என்று ருக்குமணி முணுமுணுத்தாள், எந்த ஊரு என்று பக்கத்திலிருந்து கேட்டது, வெள்ளிங்கிரிதான், கோபிங்க என்றாள், வாயில் அந்த ஊர்தான் வந்தது, தண்ணி இருக்கற ஊரா, வாய்க்கால் தண்ணிங்க, பஞ்சமே இல்ல, அவர் தலையாட்டினார், நாந்தான் தாரை வார்த்துக் குடுத்தனா, நீங்கதானுங்க, உங்க கையில நாந்தான் தண்ணி ஊத்துனேன், உங்களுக்கு ஞாபகமில்லீங்களா, அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார், உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண்ணில் நீர் கோத்து வழிந்தது, பெண்ணை அனுப்பிவிட்டு மண்டபத்தில் தனியாக நிற்கிற அப்பன்மார் அழுகிற அழுகை, ருக்குமணிக்கும் வயிறு காந்தியது, பெறாத வயிறுதான், ஆனாலும் காந்தியது. சிந்தாமணி கடைக்குள் போனாள், சாமி படத்தில் போட்டிருந்த மல்லிகைச் சரத்தையும் ஒரு தாளில் மஞ்சள் குங்குமத்தையும் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள், மறுபடி வீட்டுக்கு வர்றப்போ இந்தக் கடையில எறங்காமப் போச்சுன்னா நான் பேசமாட்டேன்னு புள்ளகிட்டச் சொல்லுங்க என்றாள், வெள்ளிங்கிரி அதை இரண்டு கையாலும் வாங்கி, உடம்பைத் திருப்பிப் பின்சீட்டில் வைத்தார், திரும்பி வருகிற வழியெல்லாம் வண்டிக்குள் மல்லிகை வாசம்.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார், கட்டிக் குடுத்த புள்ள பேரு நம்ம வண்டில எதுக்கு, எடுத்துரு, மண்ணெண்ணெய்த் துணியால் அவர் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க அவள் பிளேடால் சுரண்டினாள், சிவப்புச் சுருள் சுருளாக வந்தது, அன்றைக்கு இரண்டு தோசை சாப்பிட்டார், தட்டு மட்டும் மூன்று வைத்தார், பழகின கை, சட்டென்று விடுமா, மார்கழி முடிகிறவரை மூன்றுதான் வைத்தார், தை பிறந்த வாரத்தில் கோபிக்காரர் விடிந்ததும் மாலையோடு வந்துவிட்டார், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், வண்டி முழுக்கப் பனி இறங்கி வெள்ளை பூத்திருந்தது, முன்கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு சாவியைப் போடப் போனவரை வெள்ளிங்கிரி கை காட்டி நிறுத்தினார், தண்ணி ஊத்தாம எடுக்கக் கூடாதுங்க என்றார், ருக்குமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், அவர் மூடியைத் திறந்தார், ஊற்றப் போனார், பாதித் தண்ணீர் எஞ்சின்மேல் சிந்தியது, அவர் சொம்பை அவளிடமே கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து ரேடியேட்டர் வாய்க்கு மேலே பிடித்தார், அவள் ஊற்றினாள், தண்ணீர் அவர் கைவழியாக இறங்கி உள்ளே போனது, கோபிக்காரர் என்னவோ தோன்றித் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வண்டி தெருவில் இறங்கிக் கரகரவென்று இழுத்தது, இரண்டாவது கியர் விழவில்லை, மூணாவதத் தொட்டுட்டு வாங்க என்று ருக்குமணி கத்தினாள், தொட்டுவிட்டு வந்தார், விழுந்தது, வண்டி போகிறது, இத்தனை வருசம் கண்ணாடிக்குள்ளேயே பார்த்தவள் இப்போதுதான் வெளியே நின்று அதன் முதுகைப் பார்க்கிறாள், பின்கண்ணாடி முழுக்கப் பனி, சுரண்டின இடத்தில் மட்டும் பனி பிடிக்கவில்லை, சிவப்பு இல்லாமல், தெளிந்த கண்ணாடியாக, தாரணி என்று நேராகத் தெரிகிறது, தெருமுனை வரை தெரிகிறது, போயிட்டு வா கண்ணு என்றார் வெள்ளிங்கிரி, தெனமும் தண்ணி பாத்து ஊத்தச் சொன்னியா ருக்கு, சொல்லியிருக்கேனுங்க, வண்டி திரும்பி மறைந்தது, அவர் முன்னால் உள்ளே போனார், அவள் காலி வாசலில் கிடந்த ஆயில் அட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பின்னால் போனாள், அவர் உட்கார்ந்திருந்தார், எதிரே தட்டு எடுத்து வைத்திருந்தார், இரண்டு.