ஏரிக்குப் போன குரல்

கருங்குழி ஜெனிட்டாவின் பாட்டுக் குரல் 1993 நவம்பரில் மதுராந்தகம் ஏரிக்குக் குடிபோனது. பேசும் குரல் வீட்டிலேயே இருந்தது; பால்காரரோடு சண்டை போட அது தாராளம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில் பாடகர் குழுத் தலைவர் ஜெபகுமார் எல்லார் முன்னாலும், "யம்மா ஜெனிட்டா, நீ வாய மட்டும் அசச்சிகினு நில்லு, சுருதி கெடுது" என்றார். பதினெட்டு வயதுப் பெண், கீழ்ப்படிந்தாள். அன்று சாயங்காலமே ஏரித் தவளைகள் பயிற்சியில் பாடிய அதே கீர்த்தனையை அவள் குரலில், அவள் தவறும் இடங்களில் பிசகாமல் தவறிப் பாடின. ஊர் இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் மழை பலத்தது, எல்லாரும் கூரை ஒழுகலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவள் அப்பா தாவீது மட்டும் விடவில்லை. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்ந்தவர். பத்து வருஷம் மழைக்காலம் தவறாமல் குடையோடு ஏரிக்கரையில் உட்கார்ந்து மகள் பாட்டைக் காது குளிரக் கேட்டார். பக்கத்தில் ஜெனிட்டா வாயை அசைத்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அப்படியே நின்றாள். வெட்கக்கேடு, ஒருத்தர்கூட அவளைப் பாடச் சொல்லவில்லை.

2004 மே மாதம் தாவீது படுத்தார். இனி வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, தவளைகள் மண்ணுக்கடியில். பாடகர் குழு கட்டிலைச் சுற்றி நின்று அழகாகப் பாடியது. கிழவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"நல்லாத்தான் கீது, ஜெபகுமாரு. எம் பொண்ணு பாடுனா கேட்டுகினே போயிடுவேன்."

ஜெனிட்டா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஜெபகுமாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

லாரித் தண்ணீருக்கு ஊரே காத்துக் கிடந்த காலம். குழுவின் பதினோரு பேரும் ஆளுக்கொரு குடம் தூக்கிப்போய், தவளைகள் எழும்பட்டும் என்று ஏரி நடுவில் ஊற்றினார்கள். பார்த்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், அதில் தப்பில்லை. வெடிப்பிலிருந்து ஒரே ஒரு தவளை ஏறி வந்தது. அதைக் குடத்தில் போட்டுக் கட்டிலருகே வைத்தார்கள். தவளை கம்மென்று இருந்தது. ஜெபகுமார் ஆர்மோனியத்தில் சுருதி கொடுத்துப் பார்த்தார். ம்ஹூம்.

"அதுக்கு இன்னாத்துக்குண்ணா சுருதி?" என்றாள் ஜெனிட்டா. "கூட்டாளிங்க கத்துனாத்தான் அது கத்தும். ஏரில எதனா ஒண்ணு இன்னொண்ண வாய மூடுன்னு சொல்லுதா?"

ஜெபகுமார் ஆர்மோனியத்தை மூடினார். முதலில் அவரே தன் சொந்த மூக்குக் குரலில், எந்தக் கட்டையிலும் சேராமல் பாடினார். பிறகு மற்றவர்களும் அவரவர் தொண்டைக்கு வந்தபடி. வாசலில் நின்ற ஆராயி, சபைப் பக்கமே வராதவள், ஒப்பாரி இழுப்பில் சேர்ந்துகொண்டாள். தெருநாய் ஒன்றும் ஊளையிட்டது, யாரும் விரட்டவில்லை. அப்போதுதான் குடத்துக்குள்ளிருந்து ஜெனிட்டாவின் குரல் எழுந்தது.

தாவீது முதல் வரியைக் கேட்டார். இரண்டாம் வரிக்கு அவர் இல்லை.

ஜெனிட்டா பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நாலு சரணமும் முடியும்வரை அப்பாவின் காதருகே குனிந்து வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

குரல் அவளிடம் திரும்பவே இல்லை. அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இடுப்பில் குடத்தோடு சபைக்கு வந்தாள். பாடகர் வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து, குடத்துக்கும் சேர்த்து இடம் விட்டார்கள்.