வீரனும் ஒன்பதும்

பகல் இரண்டு மணியானால் ஒரேத்தோத் தெரு அடங்கிவிடும். ஏர்னஸ்ற் பார்த்துக்கொள்ளும் கிழவர் சூப்பைக் குடித்து முடித்து, சன்னல் பலகைகளைச் சாத்தச் சொல்லிவிட்டுப் படுப்பார். நாலு மணிவரை எழும்ப மாட்டார். பலகை இடுக்குகளால் வெயில் கோடு கோடாய்த் தரையில் விழுந்து, மெல்ல மெல்லக் கட்டில் காலை நோக்கி நகரும்.

ஏர்னஸ்ற் கதிரையில் சாய்ந்து போனைத் திறப்பான். பச்சை மேசை ஒன்று மிதந்து வரும். அதைச் சுற்றி முகமில்லாத ஆறு பெயர்கள், அதில் ஒன்று அவனுடையது. ஆளுக்கு இரண்டு சீட்டு. பிடிக்காவிட்டால் இறக்கி வைக்கலாம், பிடித்தால் பத்துச் சதம் போட்டு உள்ளே போகலாம். பத்துச் சதத்துக்குப் பல்லாரோ சந்தையில் ஒரு எலுமிச்சை கூடத் தரமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அது காசு என்றே அவனுக்குத் தோன்றுவதில்லை.

அவன் பணக்காரனாக ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டது ஞாயிற்றுக்கிழமைக்கு. கிழவர் வீட்டில் ஏழு நாளும் வேலை. ஞாயிறு பத்திலிருந்து ஆறு மணிவரை, எட்டு மணித்தியாலத்துக்கு நாற்பது யூரோ. மனைவி செலஸ்ரீனா வீடுகள் துடைக்கப் போகிறவள், அவளுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில் இரண்டு பேரும் ஒரு முழு ஞாயிறைச் சேர்ந்து கண்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த நாற்பதைப் போன் தந்தால் ஞாயிறு வேலையை விட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு.

"ஆடியிலை வாற சாந்தா ரொசாலியா திருநாள்வரைக்கும் பாப்பம்," என்று சித்திரையில் அவள் சொல்லியிருந்தாள். "இந்த விளையாட்டு ஞாயிறைத் தந்தால் வைச்சிருங்கோ. தராட்டி அழிச்சுப்போடுங்கோ."

போன் தரவில்லை. ஆறு வாரத்தில் பதினெட்டு யூரோ போனதுதான் மிச்சம். பெரிய தோல்வி ஒன்றும் கிடையாது. ஐம்பது சதம், முப்பது சதம் என்று பகல் தூக்கத்துக்குள்ளேயே கரைந்து போயிருந்தது.

ஒரு ஞாயிறு மாலை, அல்பெர்கேரியாவில் தங்கள் வீட்டு அடுப்படியில், அவன் போனை அவள் முன்னால் வைத்தான். எந்தச் சீட்டில் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு அவள் வாசித்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, இந்த விளையாட்டிலை வீரன் பெரிசோ?"

"இல்லை. ஆசுதான் பெரிசு. பிறகு ராசா, ராணி. அதுக்குக் கீழைதான் வீரன்."

"அப்ப ஏன் ராசாவையும் ராணியையும் எறிஞ்சுபோட்டு, வீரனையும் ஒம்பதையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? நீங்கள் விளையாடுறது முன்னூற்றிநாலு."

ஏர்னஸ்ற்றுக்குக் காது சூடானது. முன்னூற்றிநாலில் வீரன்தான் முதல், ஒன்பது அடுத்தது. ராசாவும் ராணியும் அங்கே வால் பிடிக்கிற ஆட்கள். மீசை முளைக்குமுன் ஊரில் பழகிய சீட்டாட்டம் அது. மூளை மறந்தாலும் விரல் மறக்கவில்லை. அந்த இரண்டு சீட்டும் வரும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்து, பத்துச் சதம் தானாகவே உள்ளே போயிருக்கிறது.

அன்றிலிருந்து வீரனும் ஒன்பதும் வந்தால் இறக்கி வைத்தான். முதல் நாட்களில் கை கூசியது. இறக்கி வைத்தால் ஒன்றுமே நடப்பதில்லை, அதுதான் பெரிய சோதனை. கிழவர் தூக்கத்தில் யாரோ ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், திரைச்சீலை ஒருதரம் மூச்சு வாங்கி அடங்கும், வெயில் கோடு இன்னொரு தரை ஓட்டுக்குத் தாவும். அவனுடைய பத்துச் சதம் அவனிடமே இருக்கும். இழக்காத காசை யார் கண்டது? ஆனாலும் சில பகல்களில், அந்த மங்கலுக்குள், காசுக்குப் பதிலாகத் தன்னுடைய நிமிடங்களே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மடியில் உட்காருவதுபோல அவனுக்கு இருந்தது. அது சந்தோசமாகவும் இருந்தது.

திருநாள் வந்தபோது, கடைசி ஆறு வாரத்திலும் வாரத்துக்கு ஐந்து யூரோ லாபமாக நின்றது.

"நாப்பது இல்லை," என்றான் தலையைக் குனிந்து. "அழிச்சுப்போடுறன்."

செலஸ்ரீனா போனை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தாள். "ஒரு மணித்தியாலத்துக்கு அவை எவ்வளவு தருகினம்?"

"அஞ்சு."

"அப்ப ஞாயிறு ஆறுக்கில்லை, அஞ்சு மணிக்கு வாங்கோ."

அடுத்த ஞாயிறு அவன் கிழவரின் மகளிடம் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கு இறங்கினான். தெருவில் அந்த நேரத்து வெளிச்சத்தை அவன் மறந்தே போயிருந்தான். வீட்டில் மேல்மாடிக் கிரிசாந்தும் மொனிகாவும் வந்திருந்தார்கள். மேசையில் சீட்டுக்கட்டு. முன்னூற்றிநாலு, நாலு பேர் ஆட்டம். முதல் நாலு சீட்டைப் பார்த்து, சோடியோடு சேர்ந்து எத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்க வேண்டும். செலஸ்ரீனா அவனுக்கு எதிரே, சோடியாக உட்கார்ந்தாள்.

முதல் நாலு சீட்டு விழுந்தது. ஏர்னஸ்ற் எடுத்துப் பார்த்தான், கவிழ்த்து மேசையில் வைத்தான், சாய்ந்துகொண்டான்.

மூன்று பேரும் அவனையே பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் அப்படி இறக்கி வைக்கிற வழக்கமே கிடையாது. செலஸ்ரீனா எட்டி அந்தச் சீட்டுகளைத் தூக்கினாள். வீரன், ஒன்பது, ஆசு. மூன்றும் ஒரே இனம், நாலாவதுதான் வேறு.

அவள் சிரிக்கவில்லை. சீட்டுகளை அவன் கைக்குள் திரும்ப வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"அங்கை தனிய இருக்கேக்கை இறக்கி வையுங்கோ," என்றாள். "இஞ்சை முன்னாலை நான் இருக்கிறன். கேளுங்கோ."

ஏர்னஸ்ற் தொண்டையைச் செருமிக்கொண்டு இருநூறு கேட்டான்.