நனையாத துணிகள்

குழந்தையின் துணி துவைக்கும் வேலை தன் தலையில் விழும் என்று திருமுருகன் நினைக்கவே இல்லை. அவன் மனைவி பூமிகாவுக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் முடிந்து குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பார்த்துக்கொள்ள வேண்டிய அவன் அம்மா காளியம்மாளோ மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஆகவே தினமும் காலையில் அவன்தான் பழைய வேட்டித் துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு வயலில் இருந்த போர்செட்டுக்குப் போனான்.

"என்ன மாப்ள, களை பறிக்க ஆள் இல்லன்னு பொலம்புன. தொவைக்க மட்டும் நீயே ஆளாயிட்டியா?" என்று பக்கத்து வயல் உலகநாதன் கேலி செய்தார்.

"எம் பொண்ணு துணிதான மாமா" என்றான் அவன், சற்றுப் பெருமையாகவே.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சமத்து, சமத்து என்றார்கள். அழுகை இல்லை, சிணுங்கல் இல்லை. மார்பில் போட்டால் நாலு தடவை சப்பிவிட்டுத் தூங்கிவிடும். "நீ பொறந்தப்ப தெருவையே கூட்டுன. இது எவ்ளோ அடக்கம் பாரு" என்று காளியம்மாள் பூரித்தாள். பூமிகாவின் ரவிக்கையோ எந்நேரமும் பாலில் நனைந்திருந்தது. கவலைப்பட ஒரு முகாந்திரமும் இல்லை.

நாளாக ஆக வாளி கனக்கும் என்று எதிர்பார்த்தான் திருமுருகன். அது லேசாகிக்கொண்டே வந்தது. குழந்தை பிறந்த ஆறாம் நாள் காலையில் இரண்டே துணிகள்தான் இருந்தன. ஒன்றில் செங்கல் பொடியைக் கரைத்துத் தெளித்தது போல ஒரு கறை. ரத்தமோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். துவைக்காமலே வீட்டுக்கு ஓடினான்.

"உடம்புச் சூடுடா. தொப்புள்ல ரெண்டு சொட்டு வெளக்கெண்ண வச்சா சரியாப் போயிடும்" என்றாள் காளியம்மாள்.

அவன் குழந்தையின் உள்ளங்காலைச் சுரண்டினான். கண்ணைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. உதடு காய்ந்திருந்தது.

"பூமி, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம்."

"எதுக்குங்க? பால் கட்டிக்கிட்டு வலிக்கிற அளவுக்கு இருக்கே."

"வாய்க்கால் நெறைய தண்ணி ஓடுனா போதுமா? கடைமடைக்கு வந்து சேர்ந்துச்சான்னு பாக்க வேணாமா?"

பச்சைப்பிள்ளையை இப்படி வெளியே தூக்குவதா என்று காளியம்மாள் சத்தம் போட்டாள். ஆனால் ஆட்டோ வந்ததும், நல்ல கையால் ஒரு துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைப் போர்த்திவிட்டு, முதல் ஆளாக அவளே ஏறி உட்கார்ந்தாள்.

மயிலாடுதுறையில் குழந்தை டாக்டர் சாஜிதா குழந்தையைத் தராசில் கிடத்திப் பார்த்தார். "பொறந்தப்ப இருந்த எடையில பத்துல ஒரு பங்குக்கு மேலயே கொறைஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனையுது?"

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நேத்து ரெண்டுதான் டாக்டர்" என்றான் திருமுருகன். "அதுலயும் செங்கல் நெறத்துல கறை."

"இந்நேரத்துக்கு ஆறு துணியாவது நனையணும். மலமும் மஞ்சளா மாறியிருக்கணும்."

பூமிகா உடைந்து அழுதாள். "எம் புள்ளய நானே பட்டினி போட்டுட்டனா?"

"இல்லம்மா. உங்களுக்குப் பால் நெறையவே இருக்கு. இவ வயித்துக்குத்தான் போகல. பசியில சோர்ந்துபோன கொழந்த அழாது, தூங்கிடும். நாமதான் சமத்துன்னு நெனச்சுக்குவோம்."

காளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் குழந்தையை எழுப்பி, அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். வாய் அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து மார்போடு அணைத்தார். "காம்பு மட்டும் பத்தாது. சுத்தியிருக்கிற கருப்பும் வாய்க்குள்ள போகணும். இப்பக் கேளுங்க."

மூவரும் மூச்சை அடக்கினார்கள். ஒரு சப்பல், இன்னொரு சப்பல், சிறு நிறுத்தம். பிறகு தொண்டைக்குள்ளிருந்து 'க்ளுக்' என்று மெல்லிய சத்தம்.

"முழுங்குறா!" என்றாள் பூமிகா, கண்ணீரோடு.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை குடித்தது போக மீதிப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டினாள் பூமிகா. தூங்கிவிட்டால் துணியை விலக்கி, காலைத் தேய்த்து எழுப்புவது திருமுருகனின் பொறுப்பு. மறுநாள் மத்தியானம், பால் கொடுக்கச் சற்றுத் தாமதமானதற்குக் குழந்தை வீறிட்டு அழுதது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"கத்துடி என் தங்கம், நல்லாக் கத்து!" என்று காளியம்மாள் மாவுக்கட்டுக் கையை ஆட்டிச் சிரித்தாள்.

வீடு திரும்பிய அடுத்த வாரம், மறுபடி எடை பார்க்கக் கணவனும் மனைவியும் மட்டும் போனார்கள். பிறந்த எடையைத் தாண்டியிருந்தாள் மகள். வெளியே வந்ததும் பூமிகா, "எனக்கு அகோரப் பசிங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றிய நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டது. பூமிகா சுவர்ப்பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுப் பால் கொடுக்கத் தொடங்கினாள். ஒரு கையில் குழந்தையின் தலை, இன்னொரு கையில் தலைப்பு.

திருமுருகன் அவள் இலைச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவள் வாயருகே நீட்டினான்.

"ஐயோ, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வாயத் தெற."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் சோறு கேளுங்க" என்றாள், மென்றபடி.