நாலாவது ஸ்பீக்கரில் தங்கை

பல் டாக்டரம்மா வீட்டு ஹாலில் சீலிங்குக்குள் பொருத்திய நான்கு ஸ்பீக்கர்களில் மூன்று பாட்டுப் பாடின. நாலாவது, மேல்மாடியில் குடியிருந்த அவருடைய தங்கை வாயைத் திறந்து சொல்லாத வார்த்தைகளைச் சொன்னது. பொருத்திய அன்றே இது தெரியவில்லை. ஒன்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் கிடைத்த மூன்று விநாடியில்தான் தெரிந்தது. "அக்கா நேத்துலேர்ந்து இருமிக்கிட்டே இருக்கா. வெந்நி வச்சுக் குடிச்சாளோ என்னவோ" என்றது ஸ்பீக்கர். டாக்டரம்மா தேநீர்க் கோப்பையை வாய்க்கும் மேசைக்கும் நடுவில் அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கணவரும் நிமிர்ந்து பார்த்தார். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் ஒருமுறை சரிபார்த்த பிறகே நம்புகிறவர். "குரல் ரொம்பத் துல்லியமா வருதே" என்றார். அதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. டாக்டரம்மா எழுந்து போய் வெந்நீர் வைத்தார். பதினோரு வருடமாக அந்தக் குரலை அவர் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை.

அக்காவும் தங்கையும் பேசாமல் போனதற்கு ஒரு கடிதம் காரணம். தங்கை சர்வே அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். கடலோரத் தீவுகளைக் கப்பலில் சுற்றி அளந்து வரையும் குழு ஒன்றுக்கு இரண்டு வருட வேலைக்கு ஆள் எடுத்தபோது அவளும் விண்ணப்பம் போட்டிருந்தாள். சேரச் சொல்லி உத்தரவு வந்த வாரத்தில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது அக்கா. பிரித்துப் படித்ததும் அக்காதான். அதைக் கிளினிக்கில் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். சேர வேண்டிய தேதி கடந்து போகட்டும் என்று விட்டுவிட்டார். அம்மா இறந்து மூன்று வாரம் கழித்து, விரலை வெட்டிக்கொண்டு பஞ்சு தேடி வந்த தங்கையின் கையில் அது அகப்பட்டது. "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். "அம்மாவுக்கு ரொம்ப முடியாம இருந்தப்ப" என்றார் அக்கா. தங்கை பஞ்சைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பதினாலு படி ஏறி மேலே போனாள். கோபம் ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்று அக்கா காத்திருந்தார். தாமே ஏறிப் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தார். அம்மாவைத் தனியாக எப்படிப் பார்த்திருக்க முடியும் என்ற நியாயம் குறுக்கே வந்து நிற்கும். திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவார். வாத்தியார்தான் இரண்டு வீட்டுக்கும் தூது. தண்ணீர் மோட்டார் போடப் போகிறோம், மேலே குழாயைத் திறந்து வைக்க வேண்டாம் என்பது போன்ற செய்திகளைச் சுமந்து நாளுக்கு ஒரு தரமாவது ஏறியதில், பதினோரு வருடத்தில் ஐம்பத்தாறாயிரம் படிக்கு மேல் ஏறியிருந்தார். இறங்கிய கணக்கு தனி.

ஸ்பீக்கர் வேண்டும் என்று டாக்டரம்மா முடிவெடுத்தபோது, நாள் முழுக்கப் பல் குடையும் இயந்திரத்தின் ஓசை காதில் ரீங்கரிக்கிறது, வீட்டுக்குள் நுழைந்தால் பாட்டுக் கேட்க வேண்டும், ஆனால் மூலையில் பெட்டி பெட்டியாக நின்று தூசி சேர்க்கக்கூடாது என்று காரணம் சொன்னார். அது பொய்யில்லை. பாதிதான் உண்மை. மேலே தங்கை நடக்கும் காலடிச் சத்தம் ஹாலில் கேட்கும். சமையலறையிலிருந்து மேசைக்கு ஒன்பது அடி, மேசையிலிருந்து ஜன்னலுக்கு ஆறு. அந்தச் சத்தத்தை மூட அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

தேர்ந்தெடுக்க நான்கு மாதம் ஆனது. கடையில் காட்டிய ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அடியில் நோயாளி போல நாற்காலியைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். எட்டு இஞ்சு வேண்டாம், ஹால் சின்னது, முழக்கம் அதிகமாகிவிடும் என்று ஆறரை இஞ்சுக்கு வந்தார். சதுர மூடியா வட்ட மூடியா என்பதில் மூன்று வாரம் போனது. உயர்ந்த ஓசை வரும் சின்னக் கூம்பை நாம் உட்காரும் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ள வசதி இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, கடைக்காரர் அதுவரை தமக்கே தெரியாத அந்த வசதியைக் கையால் திருகிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பொருத்த வந்தவரை ஊரில் ஏணிக்காரர் என்பார்கள். அவர் தரையில் நிற்பதைப் பார்த்தவர்கள் குறைவு. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஒன்றுக்கொன்று எட்டடி விட்டு, ஜிப்சம் பலகையில் பென்சிலால் நான்கு வட்டம் போட்டார். டாக்டரம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "ஓரம் பிசிறு தட்டாம வெட்டணும், அவசரப்படாதீங்க" என்றார். "டாக்டரம்மா, உங்க கிளினிக்குக்கு வந்தா நான் வாயத் திறந்துட்டு சும்மா இருக்கேன்ல? அது மாதிரி நீங்களும் இருங்க" என்றார் ஏணிக்காரர். நாலாவது ஓட்டை, தங்கை வரைபடம் வரையும் மேசைக்கு நேர் கீழே விழுந்தது. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

வியாழக்கிழமைக்குப் பிறகு ஸ்பீக்கர் தினமும் பேசியது. டாக்டரம்மா சாபத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்; வந்ததெல்லாம் வேறு. அக்கா நீலத் திரைச்சீலையைத் துவைத்து மாட்டியிருக்கிறாள், வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கிறது என்றது. மாமா ஏறும்போது மூச்சு வாங்குகிறது, யாராவது அவரை டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்றது. வாத்தியார் மறுநாளே போய்க் காட்டிவிட்டு வந்தார். கடிதத்தைப் பற்றியும் ஒருநாள் வந்தது. "கேட்டிருந்தா நானே போகலன்னு சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லயே." அன்று டாக்டரம்மா சாப்பிடவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார், ஒயரைப் பிடுங்கினார். ஒயர் தொங்கிக்கொண்டிருக்க, குரல் அதே அளவில் வந்தது. ஏணிக்காரரை வரவழைத்தார்கள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை என்று அவர் சொன்னார். ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு மூடிய பெட்டி வைத்தால் மேலிருந்து வருவது குறையும், நாளைக்கே வைத்துத் தரட்டுமா என்று கேட்டார். டாக்டரம்மா நாலாவது ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார். "வேணாம், இருக்கட்டும்" என்றார்.

"அடுத்தவங்க லெட்டரப் பிரிச்சுப் படிக்கிற மாதிரி இல்லயா இது?" என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டாக்டரம்மா கோபப்படவில்லை. "மேல போய்ச் சொல்லிடணும்ங்க. நாளைக்குப் போறேன்" என்றார். அந்த நாளை இரண்டு மாதம் வரவில்லை.

அதற்குள் தங்கைக்குப் பல்வலி வந்துவிட்டது. கீழ் வரிசையில், வலது பக்கம், கடைசிக்கு முந்தின பல். ஸ்பீக்கர் வழியாக டாக்டரம்மாவுக்கு அது முதல் நாளே தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்றது. பிறகு வெந்நீர் பட்டாலும் வலிக்கிறது என்றது. பிறகு எதுவும் படாமலே வலிக்கிறது என்றது. அந்த வரிசை என்ன என்று முப்பது வருடமாகப் பல் பார்ப்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாத்தியாரிடம் மாத்திரை கொடுத்தனுப்பினார். "எனக்கு ஒண்ணுமில்ல மாமா" என்று தங்கை திருப்பி அனுப்பிவிட்டாள். அதே நிமிஷம் ஸ்பீக்கர், "உயிர் போகுது. கீழ போனா அஞ்சு நிமிஷ வேலை. எந்த முகத்த வச்சுக்கிட்டுப் போறது" என்றது. டாக்டரம்மா படி வரை போவார், முதல் படியில் கால் வைப்பார், எடுத்துவிடுவார். பிடிவாதத்தில் இருவரும் ஒரே அச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கரின் குரல் மாறியது. வார்த்தைகள் குழைந்து வந்தன. 'ல'வும் 'ர'வும் நிற்கவில்லை. சொல்லாத வார்த்தைக்கு நாக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அப்படித்தான் வந்தது, வாத்தியாரும் கேட்டார். வீக்கம் நாக்குக்கு அடியில் இறங்கிவிட்டது என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் தொண்டையை அடைத்துவிடும். அந்த நேரத்தில் நியாயம் எதுவும் குறுக்கே வரவில்லை. பதினாலு படியையும் ஏழாக ஏறினார். கதவைத் தட்டாமல் திறந்தார். வரைபட மேசையில் தலை வைத்துப் படுத்திருந்த தங்கை நிமிர்ந்தாள். தாடையின் ஒரு பக்கம் கைப்பிடி அளவு வீங்கியிருந்தது. "எந்திரி" என்றார் அக்கா. பதினோரு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான். தங்கை எழுந்தாள்.

ஹாலை ஒட்டிய முன்னறைதான் கிளினிக். ஊசி போட்டு, தாடை மரத்ததும், வாயைத் திறக்கச் சொல்லி, முட்டுக் கொடுத்து, சீழை வடித்தார். வாத்தியார் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது டாக்டரம்மாவின் வாயும் திறந்துகொண்டது. நோயாளியால் திருப்பிப் பேச முடியாத நேரம் அது என்பதால்தான் தைரியம் வந்ததோ என்னவோ.

"நான் பண்ணது தப்பு. அம்மாவுக்காகன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டேன். அம்மாவுக்காக இல்ல. நீ போயிட்டா எனக்குத் தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. உன்கிட்ட கேட்டா நீ போறேன்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் கேக்கல. அசையாத, இன்னும் கொஞ்சம் இருக்கு. உன் வயசுல ரெண்டு வருஷத்த எடுத்துக்கிட்டேன். அதுக்கு மேல பதினோரு வருஷம் போச்சு. என்னை மன்னிச்சுரு."

தங்கையின் வாய் முட்டுக்கொடுத்தபடி திறந்தே இருந்தது. நாக்கு, உதடு, தாடை எதுவும் அவளுக்குச் சொந்தமாக இல்லை. கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குப் போனது. அப்போது திறந்திருந்த கதவு வழியாக ஹாலிலிருந்து நாலாவது ஸ்பீக்கர், வலி தீர்ந்த தெளிவான குரலில், "இதச் சொல்றதுக்கு என் வாய் மரத்துப் போகணுமா உனக்கு?" என்றது.

தங்கையின் கண்கள் அகலமாக விரிந்தன. சிரிப்பை அடக்க முடியாமல் வாத்தியாரின் கை ஆடியதில் விளக்கு மூக்குக்குப் போனது. "வெளிச்சத்த ஒழுங்காப் பிடிங்க" என்று அதட்டிய டாக்டரம்மாவுக்கும் முகமூடிக்குள் மூக்கு ஒழுகியது.

உள்ளே நினைத்ததையெல்லாம் இவர்கள் இரண்டு மாதத்துக்கு மேலாகக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தங்கைக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வீக்கம் வற்றிய அன்றே மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். நாலாம் நாள், அங்கே வெயில் காகிதத்தில் விழுந்து கண் கூசுகிறது என்று பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். பேச ஆரம்பித்த பிறகு இருவரும் விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்துப் பேசினார்கள். வாத்தியார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினார். நோயாளிகள் மூலம் செய்தி பரவி, அதே ஸ்பீக்கரைக் கேட்டுக் கடைக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் அது பாட்டு மட்டும் பாடியது. மாற்றித் தர முடியாது என்று கடைக்காரர் பலகை எழுதி வைத்தார். தங்கை அடுத்த வருடம் தீவுகளுக்குப் போனாள்; பழைய வேலை இல்லை, எட்டு மாத வேலைதான். அந்த எட்டு மாதமும் நாலாவது ஸ்பீக்கரில் மெல்லிய அலைச் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மா அதற்குக் கீழே நாற்காலி போட்டுத் தூங்கப் பழகிக்கொண்டார்.

வருடங்கள் போயின. டாக்டரம்மா கிளினிக்கை மூடினார். தங்கைக்கு முழங்கால் வலி வந்து படி ஏற முடியாமல் போனபோது, ஒரு மழைக்காலத்துக்கு முன் வீட்டை மாற்றிக்கொண்டார்கள். தங்கை கீழே வந்தாள், அக்காவும் வாத்தியாரும் மேலே போனார்கள். மேசையும் கீழே வந்தது. முதல் ஒரு வாரம் நாலாவது ஸ்பீக்கர் ஒன்றும் பேசவில்லை. மனதில் தோன்றுவதையெல்லாம் படியில் நின்று கத்திச் சொல்லிவிடும் பழக்கம் அதற்குள் டாக்டரம்மாவுக்கு வந்துவிட்டிருந்தது; உள்ளே மிச்சம் வைக்கவில்லை என்று வாத்தியார் சொன்னார். எட்டாம் நாள் சாயங்காலம், தங்கை ஒரு ஆற்றின் வளைவை வரைந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேல் நாலாவது ஸ்பீக்கரிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சுண்டு" என்றது. மூன்று வயதில் அவள் அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே நடப்பாள் என்று வைத்த பெயர். வளர்ந்த பிறகு அந்தப் பெயரை அக்கா வாயால் சொன்னதே இல்லை.

தங்கை பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமலே நிமிர்ந்து, "என்னக்கா?" என்றாள்.

மேலே நாற்காலி நகர்ந்தது. காலடி படி வரை வந்தது. "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றார் டாக்டரம்மா. தங்கை ஆற்றைக் கடல் வரை இழுத்து முடித்தாள்.