பதினாலு மொழிக்காரர்

என் வீட்டுக்காரருக்குப் பதினாலு மொழி தெரியும். தாய்மொழியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திக்காமல் படிக்க வராது என்பது வேறு விஷயம்.

கப்பலுடைந்த மாலுமி ஒருவன் தீவு தீவாகத் தாவிக் கலங்கரை விளக்கத்தைச் சேரும் வீடியோ கேம் ஒன்று இருக்கிறது. ரசிகர்கள் சிலர் சேர்ந்து அதற்குக் கூடுதலாக ஒரு தீவும் கதையும் செய்து இலவசமாக ஒட்டியிருக்கிறார்கள். இப்படி ஒட்டுவதை 'மாட்' என்பார்கள். அந்தக் கூட்டத்தில் கதை எழுதியவர் உண்டு, படம் வரைந்தவர் உண்டு, நிரல் எழுதியவர் உண்டு. அதில் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு இதில் எதுவும் வராது. அதனால் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார்.

அவர் வேலை செய்யும் அழகே தனி. ஆங்கில வசனத்தை அப்படியே மொழிபெயர்ப்பு யந்திரத்துக்குள் தள்ளுவார். வெளியே வந்து விழுவதை எடுத்து, அதே யந்திரத்தில் போட்டு மறுபடி ஆங்கிலமாக்குவார். போட்டது போலவே திரும்பி வந்துவிட்டால் மேசையைத் தட்டி, "பக்கா" என்பார். திருடனையே கூப்பிட்டு, "நீ திருடினாயா?" என்று கேட்டு, இல்லை என்றதும் அனுப்பிவைப்பது போன்ற சோதனை அது.

தமிழை மட்டும் ஆரம்பத்தில் என் தலையில் கட்டினார். நான் ஓர் அலுவலகத்தில் வாஷிங் மெஷின் கையேடுகளைத் தமிழாக்குகிறவள். "ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்" என்று எழுதி எழுதி அலுத்துப்போனவளுக்கு இது விருந்தாக இருந்தது. கதையில் விளக்கைக் காக்கும் பெண்மணி ஒருத்தி வருவாள். முகம் காட்ட மாட்டாள், குரலும் கிடையாது. திரையின் அடியில் ஓடும் எழுத்துதான் அவள் பேச்சு. அவளுக்கு என் அம்மாவின் வாயைக் கொடுத்தேன். அம்மா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உயிரோடு இருந்தவரை அவளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் கிடையாது. இருந்த பிரியமெல்லாம் திட்டுக்குள்தான் இருந்தது.

அப்பா லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனதும் எங்களோடு வந்துவிட்டார். ஹாலில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். பொழுது போகட்டுமே என்று ஒரு நாள் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே படகைப் பாறையில் மோதினார். திரையில் எழுத்து ஓடியது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பாறை அவ்ளோ பெருசா நிக்குது, தெரியல?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரித்தார். "இவ உங்கம்மாடி!" என்றார்.

அதன்பிறகு திட்டு வாங்குவதற்காகவே வேண்டுமென்று பாறையில் மோதுவார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கடைசியாக ஒரு கதவு. அதற்குப் பின்னால்தான் அவள் நேரில் வருவாள். கை நடுக்கத்தோடு படிப்படியாக அந்தக் கதவை நோக்கிப் போவதுதான் அப்பாவின் நாளில் மிச்சமிருந்த ஒரே வேலை.

"அங்க அவ என்ன சொல்லுவா?" என்று தினமும் கேட்பார்.

"போய்ப் பாருங்கப்பா" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் என் கொழுந்தனாரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். "மாமா இன்னிக்கு கடைசிக் கதவத் தொறக்கப் போறாரு. பாருங்க, எல்லாம் நம்ம மொழிபெயர்ப்பு" என்று இவர் பெரிய டிவியில் போட்டுவிட்டார். நம்ம என்ற சொல்லை இவரைப் போல வளைத்துப் பிடிக்க ஆளே கிடையாது.

அப்பா படியேறினார். எழுத்து ஓடியது. "அன்பான பயனரே, தயவுசெய்து படிக்கட்டுகளை மெதுவாக நிறைவேற்றவும்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ யாரும்மா?"

"புது வெர்ஷன் மாமா. பதினாலு மொழியும் ஒரே தரத்துல இருக்கணும்ல? தமிழ் மட்டும் ரொம்ப வீட்டுப் பேச்சா இருந்துச்சு, அதான் மாத்திட்டேன்" என்றார் இவர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளிகள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா உச்சிக்குப் போய்ச் சாவியைப் போட்டார். கதவு திறக்கவில்லை. மறுபடி போட்டார். கதவு கல்லாக நின்றது.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வசனங்களுக்கு நடுவில் வளைந்த அடைப்புக்குறிக்குள் சில ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அவை படிப்பதற்கல்ல, கேமுக்கான கட்டளைகள். கதவைத் திற, விளக்கை ஏற்று என்பது மாதிரி. அவற்றைத் தொடக் கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. இவருடைய யந்திரம் அவற்றையும் சுத்தமாகத் தமிழாக்கிவிட்டது. கட்டளை எங்கே என்று தேடிக் கேம் விழித்துக்கொண்டு நின்றது.

இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"மாமா, உங்களுக்குக் கை நடுங்குது. பட்டனத் தப்பா அமுக்குறீங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அப்பா அதை நம்பியதுதான் பொறுக்கவில்லை. ஆயுசு முழுக்க மாட்டிக்கொண்ட லிஃப்ட் கதவுகளைத் திறந்துவிட்ட மனிதர் தன் விரல்களைப் பார்த்தார். கன்ட்ரோலரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"ஆமாம்மா, என் கைதான். இனிமே இதெல்லாம் நமக்கு எதுக்கு?"

நான் எழுந்து, டிவியோடு இணைத்திருந்த லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன்.

"உங்க கைக்கு ஒண்ணுமில்லப்பா. வாய் பேசுற அளவுக்குச் சில பேருக்கு வேலை தெரியல, அவ்ளோதான்."

கொழுந்தனாரின் மனைவி டீக் கோப்பைக்குள் சிரித்தாள்.

"இப்ப எதுக்கு இது? நான் நாளைக்குப் பாத்துக்கறேன்" என்றார் இவர்.

"என்னங்க, இவ்வளவு நாள் நீங்க பாத்துக்கிட்டதே போதும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவருடைய மொழிபெயர்ப்பு ஃபைலைத் தூக்கிவிட்டு என் பழைய ஃபைலைப் போட்டேன். கேமை மூடித் திறந்து, கன்ட்ரோலரை அப்பாவின் கைக்குள் வைத்து அழுத்தினேன். அப்பா தயங்கித் தயங்கிச் சாவியைப் போட்டார்.

கதவு திறந்தது.

விளக்கு வெளிச்சத்தில் அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். திரும்பவில்லை. எழுத்து ஓடியது.

"வந்துட்டீங்களா? கால நல்லாத் தொடச்சிட்டு உள்ள வாங்க. தரையத் தொடைக்கிறது நானு."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கீழே கிடந்த மிதியடியில் வலது காலை வைத்துத் தேய்த்தார். பிறகு இடது காலை.

இவர் என் காதருகே குனிந்தார்.

"மாமா ஏன் காலத் தேய்க்கிறாரு?"

"உங்க யந்திரத்துல போட்டுப் பாருங்க" என்றேன். "பதினாலுல எதுலயாவது புரியும்."