குளியல் தொட்டி விலாங்கு

தொட்டியின் மேல் கிடந்த பலகையை இளையவன் பாதி தூக்கியிருந்தபோது, அக்கா வெந்நீர்ப் பாத்திரத்தோடு குளியலறைக்குள் வந்துவிட்டாள். அம்மாவின் முகம் துடைக்க வெந்நீர். அவன் சட்டென்று பலகையை இறக்கினான். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் பலகையை மறைத்து என்ன பிரயோஜனம்?

"உள்ள இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கு."

"இன்னிக்குமா?"

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சவவண்டி எந்த நேரமும் வந்துவிடும்.

அம்மா முந்தின நாள் மாலை டீயில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளிடம் குறைபட்டு, இன்னொரு கரண்டி போட வைத்து, முழுசாகக் குடித்துவிட்டுப் படுத்தவள். காலையில் எழவில்லை. எண்பதைத் தாண்டிய வயது, ஒருநாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. கொடுத்து வைத்தவள் என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இளையவனுக்கும் அப்படித்தான் பட்டது. அழுகை வந்தபோது அழுதான், மற்ற நேரத்தில் மனசு நிறைந்துதான் இருந்தது. உறுத்தியது ஒன்றே ஒன்று, அது தொட்டிக்குள் கிடந்தது.

அணையடி மின்நிலையத்தில் அம்மாவுக்கு வேலை. தண்ணீர் உள்ளே போகிற வாயில் ஓர் இரும்புக் கம்பித் தடுப்பு உண்டு. அதில் அடைக்கும் இலை தழைகளை நீளக் கொக்கியால் வாரிப் போடவேண்டும். மழைக்காலத்தில் தழையோடு விலாங்கும் வரும். மேலாற்றில் வருஷக்கணக்காகச் சேற்றில் கிடந்து வளரும் மீன், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முட்டையிடக் கடலுக்குக் கிளம்பும். கம்பி இடுக்கில் நுழைந்தால் உள்ளே சுழலும் சக்கரம் துண்டு போட்டுவிடும். அம்மா அதைப் பிடித்து ஈரச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட்டியில் வைத்து, வேலையில்லாத நேரத்தில் அணைக்குக் கீழே கொண்டுபோய் விடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அந்த வீட்டில் யாரும் பலகையைத் தூக்கிப் பார்க்காமல் குளிக்கப் போனதில்லை.

முன்பெல்லாம் சாக்கு நிறைய வரும். இப்போது ஒரு மழைக்கு ஒன்று வந்தால் பெரிது. அம்மா பார்க்கிற இன்ஜினியரையெல்லாம் நச்சரித்து, மீன் இறங்கிப் போக அணை ஓரமாகத் தனிக் குழாய் போட வைத்திருந்தாள். வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. அடுத்த மழைக்கு அதுங்க தானாப் போயிடும், எனக்கு வேலை இல்ல என்று அவள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். நேற்று டீ குடித்து முடித்ததும் இவனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு அதக் கொண்டுபோய் விட்டுடுடா. கடல் ஞாபகம் வந்துடுச்சு அதுக்கு, இனிமே பொறுக்காது."

அக்காவுக்கு விலாங்கு என்றாலே ஆகாது. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி இந்தக் குளியலறையில் பலகையைத் தூக்கிப் பார்த்து அலறியதிலிருந்து, வகுப்பில் அக்காவின் பெயரே விலாங்கு என்றாகிவிட்டது. இப்போது ஒரு பள்ளிக்கு அவளே தலைமையாசிரியை. தனக்கென்று வீடு கட்டியபோது தொட்டியே வைக்கவில்லை, ஷவர் மட்டும்தான்.

வண்டி வருவதற்குள் பைக்கில் போய் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான் இளையவன். பெற்றவளை நடுக்கூடத்தில் போட்டுவிட்டு மகன் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று ஊர் பேசட்டுமா என்றாள் அக்கா. சாயங்காலம் போனால் என்ன என்றும் கேட்டாள். அவன் பலகையை முழுவதும் நகர்த்திக் காட்டினான். கைத் தடிமன் இருந்த விலாங்கு, வெள்ளி வயிறு தெரிய ஒருக்களித்து, வாயை நீருக்கு மேலே வைத்துக் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் தாங்காதுக்கா. சாக்கு எங்க?"

அக்காவின் முகம் மாறியது. காலையில் வந்ததும் வராததுமாக வீட்டை ஒழித்துத் துடைத்தவள், கொல்லையில் கிடந்த அழுக்குச் சாக்கையும் விடவில்லை. பவுடர் போட்டு ஊறவைத்துத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். சோப்பு பட்ட துணி விலாங்கின் வழவழப்பை உரித்துவிடும். அதற்கப்புறம் அது பிழைக்காது. இது அவளுக்கும் தெரிந்ததுதான், துவைக்கும்போது நினைவில்லை.

அவள் வெளியே போனாள். யாரிடமோ முறையிடத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தான். திரும்பி வந்தபோது அவள் கையில் அம்மாவின் தலையணை உறை இருந்தது. ராத்திரி அம்மா தலை வைத்த உறை, ஒரு பக்கம் எண்ணெய்க் கறையோடு.

"நனைச்சுக்கோ. நம்மளோட வண்டியிலயே வரட்டும். பிடிக்கிறது நீதான். நான் தொட மாட்டேன்."

வண்டியில் பெட்டி நடுவே இருந்தது. இருபக்கமும் பெஞ்சில் வீட்டு மனிதர்கள். இளையவன் ஆட்டத்துக்குப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால், ஈர மூட்டை அக்காவின் மடிக்குப் போனது. அது அசைந்தபோது எதிரே இருந்த மாமா உற்றுப் பார்த்தார்.

"அது என்னம்மா?"

"அம்மாவோடது," என்றாள் அக்கா.

அணைக்குக் கீழே பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நடுவில் நிறுத்துகிற வழக்கமில்லை என்றார் வண்டிக்காரர். எங்கம்மா வேலை பார்த்த இடம் என்று அவள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஓரம் கட்டினார்.

அக்காவும் தம்பியும் படியிறங்கினார்கள். புதுக் குழாயின் சிமெண்ட் வாய் இன்னும் பலகையால் அடைபட்டிருந்தது. அக்கா உறையின் முடிச்சை அவிழ்த்துத் தண்ணீருக்குள் சாய்த்தாள். விலாங்கு வெளியே வரவில்லை, மூலைத் தையலில் போய்ச் சுருண்டுகொண்டது. தம்பி கை நீட்டுவதற்குள் அவளே கையை உள்ளே விட்டாள். அது அவள் மணிக்கட்டை ஒருமுறை சுற்றியது. அவள் கத்தவில்லை. பிறகு பிடி தளர்ந்தது, கலங்கல் நீரில் ஒரு வெள்ளி வளைவு தெரிந்து மறைந்தது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

அவள் உறையை ஆற்றிலேயே அலசிப் பிழிந்தாள். வண்டியில் ஏறியதும் பெட்டியின் மேலிருந்த பூங்கொத்துகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். உறையை ஒரு தடவை உதறி, மூடியின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துக் காயப் போட்டாள்.