பின்சீட்டுக்கு ஒரு ஹெல்மெட்

அந்த வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஓர் அறை. அந்த ஓர் அறையைப் பலகையால் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதியில் மூத்தவனும் அவன் மனைவியும். மறு பாதியில் சின்னவன், அவன் மனைவி, இரட்டைப் பிள்ளைகள். அம்மாவின் படுக்கை கூடத்தில். தடுப்புப் பலகை கூரை வரை எட்டவில்லை. மூத்தவனின் மனைவி இந்தப் பக்கம் இருமினால், "தண்ணி குடிங்க அண்ணி" என்று அந்தப் பக்கத்திலிருந்து கொழுந்தனின் குரல் வரும். நல்ல மனதோடு வரும் குரல்தான். அதனால்தான் எதுவும் சொல்ல முடிவதில்லை.

ஆகவே மூத்தவனும் அவன் மனைவியும் பைக்கில் பேசிக்கொண்டார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். காலையில் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான். தெருமுனை திரும்பியதும் அவன் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு அவள் ஆரம்பிப்பாள். சண்டை, சமாதானம், அடுத்தவரைப் பற்றிய கேலி எல்லாம் அந்தச் சவாரிக்குள்ளேயே நடந்து முடியும். கல்யாணமானதிலிருந்து அவர்களுக்கென்று இருந்த தனியறை அது ஒன்றுதான். அதற்கு இரண்டு சக்கரம் இருந்தது.

மாதம் பிறந்தால் பின்சீட்டில் உட்காருபவரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

"பின்னாடி வர்றவங்களுக்கு எதுக்கு? முட்டினா நான்தானே முதல்ல முட்டப் போறேன்" என்றான் அவன். ஓட்டுபவருக்கான சட்டம் பழையது. அதையே அவன் பாதிதான் மதித்தான். ஹெல்மெட் முழங்கையில் தொங்கும். போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும்.

"உங்க முழங்கை பத்திரமா இருக்கு, சந்தோஷம். முன்னாடி இருக்கறவருக்குப் பிடிச்சுக்க ஹேண்டில்பார் இருக்கு. பின்னாடி இருக்கறவங்க எதைப் பிடிப்பாங்க? பறந்துதான் போவாங்க. பறந்தவங்க வந்து இறங்கற இடம் என் மேஜை."

அடிபட்டு வருபவரின் கம்மலையும் தலையிலிருக்கும் ஊசிகளையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, "அசையாதீங்க" என்று சொல்வது அவள் வேலை. சில பேருக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்காது என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஒரே மாதிரி இரண்டு ஹெல்மெட் வாங்கினார்கள். முகம் முழுவதும் மூடும் ரகம், சாம்பல் நிறம். அடையாளத்துக்காக அவள் தன்னுடையதின் பின்புறம் ஆஸ்பத்திரி வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டாள்.

முதல் நாள் காலையில் வழக்கம்போல அவன் தோளில் மோவாயை வைக்கப் போனாள். டக்கென்று இரண்டு குடங்கள் மோதின மாதிரி சத்தம். அவன் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் குடங்கள் மோதின. பேசிப் பார்த்தாள். சொன்னது தன் மூச்சோடு தன் காதுக்கே திரும்பி வந்தது.

சட்டம் நல்லது என்றவள் அவள். பேச்சைப் பறிகொடுத்தவளும் அவள்தான். அதுவும் எந்த நேரத்தில்! ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துக்குப் பின்னால் ஊழியர் குவார்ட்டர்ஸில் ஒரு வீடு காலியாகியிருந்தது. வரிசைப்படி அவள் முறை. இரண்டு வாரத்தில் வரும் சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லாவிட்டால் மருந்து கொடுப்பவருக்குப் போய்விடும். அவளுக்கு அந்த வீடு வேண்டும். அவனுக்கும் வேண்டும்தான். ஆனால் அம்மாவிடம் சொல்ல வேண்டியவன் அவன்.

அம்மா கத்தினால் தாங்கிக்கொள்வான். அவள் கத்த மாட்டாள். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவுவாள். சின்னவன் படிப்பை நிறுத்தியபோதும் அப்பா போனபோதும் அப்படித்தான் கழுவினாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குத்தான் அவனுக்குப் பயம்.

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அவள் பின்னாலிருந்து கத்துவாள். அவன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி, "கேக்கல!" என்பான். ஹெல்மெட்டே வேண்டாம் என்றவன் இப்போது வாசற்படி இறங்கும் முன்பே அதை மாட்டி வாரையும் இறுக்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பெரிய நாற்சந்தி ஒன்று இருக்கிறது. அங்கே சிவப்பு விழுந்தால் எண்கள் தொண்ணூறிலிருந்து இறங்கும். முன்பெல்லாம் அந்தச் சிவப்பை இருவரும் சேர்ந்து திட்டுவார்கள். ஒரு நாள் அவன் அங்கே இன்ஜினை அணைத்ததும், அவள் தன் முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அவன் ஹெல்மெட்டை விரல் மடக்கித் தட்டினாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

அவன் கண்ணாடியைத் தூக்க வேண்டியதாயிற்று.

"அடுத்த சனிக்கிழமைதான் கடைசி. அத்தைகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"சொல்லலாம். நேரம் பாத்துச் சொல்லணும்."

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி எத்தனை நாள் ஊதறது? குவார்ட்டர்ஸ் வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க."

"வேணாம்னு யார் சொன்னா?"

"வேணும்னும் சொல்லலியே தம்பி" என்றது மூன்றாவது குரல்.

பக்கத்தில் ஒரு சைக்கிள். கேரியரில் பெரிய தகரப் பெட்டி, அதிலிருந்து சூடான ரொட்டி வாசனை. காதை மூடிய கம்பளிக் குல்லாய்க்குள் ஐம்பது வயது முகம். "தப்பா நினைக்காதீங்க. கண்ணாடியைத் தூக்கிட்டு இவ்வளவு சத்தமாப் பேசினா கேக்காம என்ன செய்யும்? கட்டினவ கேக்கறது நியாயம்தானே."

ஹெல்மெட்டுக்குள் பேசிப் பழகி, இருவரும் வெளியேயும் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுபக்கம் நின்ற கார்க்காரர்கூட ஜன்னலை இறக்கியிருந்தார். பச்சை விழுந்தது.

அதன்பின் பெரும்பாலான காலைகளில் அந்தச் சிவப்பில் ரொட்டிக்காரர் நின்றார். மூன்றாம் நாளே அவள் அவருக்குத் தங்கச்சி ஆனாள். அவன் தம்பி பதவியிலிருந்து மாப்பிள்ளைக்கு உயர்ந்தான். "என்ன மாப்பிள்ளை, சொல்லியாச்சா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

"அண்ணே, ஊர் நியாயம் பேசறீங்க, உங்க தலையில ஒண்ணும் காணோமே" என்றாள் அவள்.

"சைக்கிளுக்குச் சட்டம் இல்லியே தங்கச்சி. நான் போற வேகத்துக்கு, நத்தை பின்னாடி வந்து ஹாரன் அடிக்குது."

"நீங்க உங்க வேகத்துல போறீங்க. பின்னாடி வர்றவன் அவன் வேகத்துலல்ல வர்றான்?"

ரொட்டிக்காரர் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண் பரிசோதனை, அதே ஆஸ்பத்திரியில். மருமகளுக்கு அதிகாலை முறை. ஆஸ்பத்திரி வேனில் போய்விட்டாள். அம்மாவை அழைத்துப்போக வேண்டியவன் மகன். தூறிக்கொண்டிருந்தது. மருமகளின் மழைக்கோட்டை மாட்டிவிட்டு, ஹெல்மெட்டை நீட்டினான்.

"இதுக்குள்ள போன தலை வெளிய வருமாடா?"

"வரும்மா. சட்டம். போடலைன்னா பிடிப்பாங்க."

"எனக்கெல்லாம் எதுக்குடா? என் தலையில இனிமே என்ன இருக்கு உடையறதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே தலையைக் கொடுத்தாள். வாரைப் பூட்டிவிட்டான். பானைக்குள் தலையை விட்ட பூனைபோல இரண்டு தடவை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தாள். "உன் பொண்டாட்டி தினமும் இதையா போட்டுக்கறா? பாவம்."

இன்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு ஓட்டினான். நாற்சந்தியில் சிவப்பு. தொண்ணூறு. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. கழுவப் பாத்திரம் இல்லை. கண்ணாடியைத் தூக்கினான். தொண்டையைச் செருமினான்.

சைக்கிள் வந்து நின்றது. ரொட்டிக்காரர் பார்த்தது அதே பைக், அதே நீல மழைக்கோட்டு, அதே வெள்ளைப் பிளாஸ்திரி.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு வாயே காணோம்? நாளைக்குச் சனிக்கிழமை. குவார்ட்டர்ஸ் விஷயத்தை மாமியார்கிட்ட மாப்பிள்ளை சொன்னாரா இல்லையா?"

அவன் கண்ணால் ஜாடை காட்டினான். ரொட்டிக்காரர் அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டார். "ஜாடை என்ன ஜாடை? பெத்தவகிட்ட சொல்ல என்னய்யா பயம்? கடிச்சா வச்சிருவாங்க?"

பின்சீட்டில் ஒரு கை மெதுவாக எழுந்து, தடவித் தடவி முகக்கண்ணாடியைக் கண்டுபிடித்துத் தூக்கியது.

"இன்னும் சொல்லல" என்றாள் அம்மா. "நீங்கதான் இப்ப சொல்றீங்க."

ரொட்டிக்காரர் சைக்கிளோடு சாயப் போனார். எண்கள் அறுபதில் இருந்தன. அவ்வளவு நீளமான அறுபதை அந்த மூன்று பேரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அம்மா, நான் உங்ககிட்ட..."

"பேசாத. வண்டியைப் பாத்து ஓட்டு" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கண் பிரிவுக்குப் போகவில்லை. எக்ஸ்ரே அறை எங்கே என்று கேட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடந்தாள். அவன் பின்னால் ஓடினான். ஹெல்மெட் தலையோடு ஒருவர் நிதானமாக நடந்து வருவதைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

கதவைத் திறந்த மருமகள் ஹெல்மெட்டையும் பின்னால் நிற்கும் கணவனின் முகத்தையும் பார்த்தாள். வெளிறிப்போனாள். "அத்தை! எங்க அடிபட்டுது?"

"அடி ஒண்ணும் படல. இதை முதல்ல கழட்டு."

மருமகள் வாரை விடுவித்தாள். அம்மா முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"அந்த வீட்டுல எத்தனை ரூம்?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு, அத்தை."

"நடுவுல சுவரு மேல வரைக்கும் இருக்கா?"

"இருக்கு. செங்கல் சுவரு."

"அப்ப போங்க." பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தா ஆறு பேர் முழிச்சுக்கறீங்க. முனகக்கூடப் பயமா இருக்கு எனக்கு. உங்களுக்கு மட்டும்தான் இடைஞ்சல்னு நினைச்சீங்களா?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்..." என்றான் மகன்.

"வருத்தம் இருக்காதா? அது என் வருத்தம், நான் பாத்துக்கறேன். வழியில போற ரொட்டிக்காரனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியேன்னுதான் இப்ப இருக்கு." மழைக்கோட்டைக் கழற்றி மடித்தாள். "போறப்ப அந்தத் தடுப்பைக் கழட்டிட்டுப் போங்க. பிள்ளைங்க ஓடி விளையாடட்டும்."

அன்று சாயங்காலம் மருமகள் சமையலறையைத் துடைத்து முடித்தபின், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவிய பாத்திரத்தை அம்மா மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். மூத்தவன் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, அவள் கழுவியதை ஒவ்வொன்றாக வாங்கித் துணியால் துடைத்து வைத்தான். பாத்திரம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் மனைவி ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறு வாரம் சாமான்கள் போயின. பிளாஸ்திரி ஒட்டிய ஹெல்மெட்டை அவள் பெட்டியில் வைக்கப் போனபோது அம்மா தடுத்தாள்.

"அது இங்கயே இருக்கட்டும். குவார்ட்டர்ஸிலேருந்து நீ நடந்தே வேலைக்குப் போகலாம்னு சொன்னியே?"

"ஆமா அத்தை."

"என்னைக் கூட்டிட்டுப் போக இவன் வர வேணாமா? இது இல்லாம என்னை ஏத்தினா பிடிப்பாங்களாமே." கூடத்துச் சுவரில், தன் படுக்கைக்கு நேர் மேலே இருந்த ஆணியில் அதை மாட்டினாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். இப்போது வாரை அம்மாவே பூட்டிக்கொண்டாள். நாற்சந்தியில் சிவப்பு. பக்கத்தில் சைக்கிள் வந்து நின்றது. ரொட்டிக்காரரின் தலையில், குல்லாய்க்கு மேலேயே, மஞ்சள் நிறத்தில் ஒரு சைக்கிள் ஹெல்மெட்; வீட்டுப் பிள்ளை யாருடையதாகவோ இருக்க வேண்டும், சற்றுச் சிறியது.

அவர் பைக்கைப் பார்த்தார். பிளாஸ்திரியைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டார்.

"என்ன மச்சான், இன்னிக்கு வாயே காணோம்?" என்றான் அவன்.

"முதல்ல பின்னாடி இருக்கறவங்க கண்ணாடியைத் தூக்கட்டும்" என்றார் ரொட்டிக்காரர். "யாருன்னு பாத்துட்டுத்தான் இனிமே நான் பேசுவேன்."